தலைமையாசிரியர் கடிதம்: இரண்டாம் பருவத் தொடக்கமும் சில உடம்பு வலிகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தேர்வு முடிவுகள் பொதுவாக நன்றாகவே வந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பில் மட்டும் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. மாலை வகுப்பு தொடங்கிவிட்டோம். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். குறுவட்டப் போட்டியில் கபடி அணியும் தடகளப் பிள்ளைகளும் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். குடிநீர்த் தொட்டி கழுவியாயிற்று. எல்லாருக்கும் பாராட்டுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மூன்று வாரமாக என் மேசைக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: "உடம்பு வலி". விசாரித்தால், விடுமுறையில் பையன்கள் வீட்டிலேயே உடற்பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் தண்டால், பஸ்கி, கைப்பேசியில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துச் சில வித்தைகள். எடை தூக்க என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்திருந்தால் இருபது கிலோவுக்கு மேல். வீட்டு எரிவாயு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ பக்கம். இரண்டு பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கலவை ஊற்றி நடுவில் ஒரு குழாயைச் செருகினால் பளுக்கட்டை தயார். கற்பனைத் திறனுக்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

இதில் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். மாலையில் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகள் வியர்க்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலை அதில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. "எடை தூக்கினால் உயரம் வளராது" என்று சில அம்மாக்கள் கவலைப்பட்டீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, தாங்கும் எடையில், சரியான முறையில் செய்தால் வளர்ச்சி நிற்காது. பெண் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். உங்கள் மகள் பத்து தண்டால் எடுப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

பிரச்சினை பயிற்சியில் இல்லை, வலியை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. பஸ்கி போட்ட மறுநாள் தொடை வலிக்கிறது என்று சில வீடுகளில் இரண்டு நாள் விடுப்பு எழுதுகிறீர்கள். வேறு சில வீடுகளில் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்து "சதை வலிதான், போகப் போகச் சரியாகும்" என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறீர்கள். ஓய்வு தேவையில்லாத பிள்ளை வீட்டில் படுத்திருக்கிறது, ஓய்வு தேவைப்படும் பிள்ளை மைதானத்தில் நிற்கிறது.

முதலில் சாதாரண வலி. இதற்கு நானே சாட்சி. பையன்களிடம் பேசுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் நாற்பது பஸ்கி போட்டேன். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. "வயது வெறும் எண்தான்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். திங்கட்கிழமை மாடியில் இருந்த எட்டாம் வகுப்பிலிருந்து இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை வலி போன இடம் தெரியவில்லை.

சதை வலியின் குணம் இதுதான். பயிற்சி செய்யும்போது வராது. அரை நாளோ ஒரு நாளோ கழித்து எட்டிப்பார்க்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கி ஒரு வாரத்துக்குள் போய்விடும். பழக்கமில்லாத வேலை செய்ததில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, உடம்பு அதைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரம் அது. எடையைத் தூக்கும்போது ஆவதைவிட மெதுவாக இறக்கும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். பஸ்கியில் கீழே உட்காருவதும், தண்டாலில் நெஞ்சை இறக்குவதும், படி இறங்குவதும் அந்த வகை. "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்வார்கள். அது பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். தொடை முழுக்க, நெஞ்சு முழுக்கப் பரவலாக, மந்தமாக இருக்கும். ஒரு விரலால் "இந்த இடம்" என்று காட்ட முடியாது. எழுந்து நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் இளகும். இப்படி வலிக்கிற பிள்ளையைத் தாராளமாகப் பள்ளிக்கு அனுப்புங்கள். வெந்நீரில் குளிக்கட்டும், நடக்கட்டும். அதே சதைக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி செய்தால் வலி முதல் தடவை அளவுக்கு இருக்காது. எனக்கும் இரண்டாம் ஞாயிறு அப்படித்தான் இருந்தது.

அடிபட்ட வலி வேறு மாதிரி. அது காத்திருக்காது, செய்துகொண்டிருக்கும்போதே சுரீர் என்று வரும், சில சமயம் "டொக்" என்ற சத்தத்தோடு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். இடத்தை விரல் வைத்துக் காட்டலாம். வீங்கும், கன்றிப்போகும், மூட்டு முழுதாக மடங்காது. சும்மா படுத்திருந்தாலும் வலிக்கும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். நாளாக ஆகக் குறைவதற்குப் பதில் அப்படியே நிற்கும் அல்லது கூடும். காலை ஊன்ற முடியவில்லை, கை மரத்துப்போகிறது, கை கால் கோணலாகத் தெரிகிறது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: வலி சதையிலா, மூட்டிலா? மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் இவற்றில் வலிக்கிறது என்றால் அதற்குச் "சதை வலி" என்று பெயர் வைக்காதீர்கள். அந்த இடங்களில் சொல்லிக்கொள்கிற அளவுக்குச் சதையே கிடையாது. முதுகு வலியையும் அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். பின்னால் வளையும்போது கீழ்முதுகில் இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து வலித்தால், இந்த வயதில் முதுகெலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். மருத்துவர் பார்த்தே தீர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் (பெயர் வேண்டாம், வீட்டில் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்) அந்தச் சிமெண்ட் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கும்போது மணிக்கட்டு பிசகிவிட்டது. வீட்டில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய் இழுத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் அந்தக் கையோடு வகுப்புக்கு வந்து இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். கபடிப் பயிற்சியில் தரையில் கை ஊன்ற முடியாமல் முகம் சுளித்ததைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியர்தான் அழைத்து வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நுனியில், வளர்ச்சித் தட்டு ஓரமாக விரிசல். இப்போது மாவுக்கட்டு போட்டிருக்கிறது.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். அது, சுற்றிலும் மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார்களைவிடப் பலம் குறைந்தது. ஆகவே நமக்கு வெறும் சுளுக்காகப் போகிற அடி, பதினான்கு வயதுப் பையனுக்கு எலும்பு முறிவாக இருக்கலாம். புதிதாக அடிபட்ட இடத்தை முதல் இரண்டு நாள் நீவக் கூடாது, தைலம் போட்டுத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து இருபது நிமிடம் வைத்து, கை காலை உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எக்ஸ்ரே எடுத்த பிறகு பாட்டியிடம் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அரிதுதான், ஆனால் ஆபத்தானது. முதல் நாளே, அதுவும் வெயிலில், பந்தயம் கட்டி முந்நூறு நானூறு பஸ்கி போடுகிறார்கள். இப்படிச் செய்தால் தசை அளவுக்கு மீறிச் சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தொடை கல்லு மாதிரி வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். தாமதமாக வருபவர்களைப் பஸ்கி போட வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பள்ளிகளில் சர்வசாதாரணம். இளம் ஆசிரியராக நானும் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அடுத்து சொல்லப்போவதைக் கோபமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அணித் தேர்வு அன்று காலை ஒரு மாணவன் வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓட வந்தான். சட்டைப் பையில் இன்னொரு மாத்திரை. வீட்டில்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை வலியைத்தான் மறைக்கும், காயத்தை ஆற்றாது. இனிமேல் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையை மைதானத்தில் இறக்க மாட்டோம். காயத்துக்காக நிறுத்தப்பட்ட பிள்ளை மருத்துவர் சீட்டு இல்லாமல் அணிக்குத் திரும்ப முடியாது. மாவட்டப் போட்டியே கைவிட்டுப் போனாலும் சரி. அலுவலகத்துக்கு வந்து வாக்குவாதம் செய்வதாலும், தெரிந்தவர்களை விட்டுப் பேசுவதாலும் இது மாறாது.

ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று கூலி வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைக்கு ஷூ வாங்கித் தருகிறவர்கள் நம் பெற்றோர்கள். அந்தப் பிள்ளை இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும் என்பதால்தான் இந்தப் பிடிவாதம்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியர் அரை மணி நேரம் செய்து காட்டுவார். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, எடை இல்லாமல் முறையைப் பழகுவது, முறை கெடாமல் பதினைந்து தடவை செய்ய முடிந்த பிறகே எடையைக் கொஞ்சமாகக் கூட்டுவது இவ்வளவுதான் பாடம். கர்லாக்கட்டை சுற்றிய அனுபவமுள்ள தாத்தாக்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், எங்களுக்கும் கற்றுக்கொடுக்கட்டும்.

மாவுக்கட்டோடு இருக்கும் மாணவனின் பெற்றோருக்குத் தனியாக நன்றி. "மற்ற வீடுகளுக்குத் தெரியட்டும் சார், எழுதுங்கள்" என்று அவர்கள் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. வேலையை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்கு வருகிற, அழைத்தால் போனை எடுக்கிற உங்கள் எல்லாருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: விளையாட்டு அறையில் பறிமுதல் செய்த சிமெண்ட் டப்பா பளுக்கட்டைகள் மூன்று ஜோடி இருக்கின்றன. உரியவர்களின் பெற்றோர் சனிக்கிழமை வந்து எடுத்துச் செல்லலாம். தயவுசெய்து இரண்டு பேராக வாருங்கள். தனியாகத் தூக்கப் பார்த்த எங்கள் அலுவலக உதவியாளர் இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது சதை வலியா என்று நாளைக்குத்தான் தெரியும்.