குளப் பங்காளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் பங்காளர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை வைபரில் வரும்.

குளக்கட்டடியில் தைப்பொங்கல் நடந்தது. பிள்ளைகளின் நீச்சல் போட்டியும் நடந்தது. சித்திரையில் ஒரு சிரமதானம். வந்த ஆட்களைவிடச் சோற்றுப் பார்சல் கூட.

இனி வான் விஷயம், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம். மழைக்கு முன் வானில் அடுக்கியிருந்த மண்மூடைகளையும் மீனுக்கு மறித்துக் கட்டிய வலையையும் நான்தான் எடுப்பித்தேன். படகு விடத் தண்ணீர் காணாது, திலாப்பியா எல்லாம் வயலுக்குள் போய்விட்டது என்று கோபித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும். எங்கள் கட்டு கொங்கிறீற் அல்ல, மண். வலையில் சல்வீனியா நீர்க்களையும் கொப்புகளும் அடைத்தால் தண்ணீர் கட்டுக்கு மேலால் பாயும். பாய்ந்தால் வெளிச்சரிவை அரித்து, ஒரே இரவில் கட்டையே கொண்டுபோய்விடும். ஓர் இரவு மழை என்ன செய்யும் என்று 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தோமே. 1986 சித்திரையில் உடைத்த கந்தளாய், பொறியியலாளர்கள் பார்த்த அரசாங்கக் குளம். இங்கே பார்ப்பது நானும் காவற்காரரும். கீழே இருப்பதோ மற்றவர்களின் வயலும் வீடும். குளத்தின் உறுதிப்பத்திரம் எங்கள் பெயரில் இருக்கிறது. உடைத்தால் எங்களைத்தான் கேட்பார்கள்.

கட்டில் முளைத்த வேப்பங்கன்றுகளைப் பிடுங்கியதற்கும் பேச்சு வாங்கினேன். பெரிய வேம்பைத் தொடவில்லை. அதை வெறுமனே தறித்தால் வேர் உக்கி, அந்த வழியால் தண்ணீர் ஓடும். வேரோடு தோண்டி, களிமண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். அதற்குக் காசு வேண்டும்.

காசு என்றால், வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கூடுதலாக மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்துக்குப் போனது. மிச்சத்தைப் பொருளாளர் சொல்வார். வெளிநாட்டுப் பங்காளர்கள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து குளித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். சந்தா மட்டும் வரவில்லை. உள்ளூர்க்காரர் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், உங்களுடையதும் வரவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே வேலைதான். துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், வெளிப்பக்கம் கசிகிறது. இப்போதைக்குத் தெளிந்த தண்ணீர். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். ஆவணியில் குளம் வற்றியிருக்கும்போதே திருத்த வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் கை வைக்க ஏலாது. இந்தப் பதவியை யாரும் விரும்பிக் கேட்டால் சந்தோஷமாகத் தருவேன், துருசோடு சேர்த்து.

உழவு இயந்திரம் தந்தவருக்கும், காவற்காரருக்கும், பொங்கல் செலவை ஏற்ற குடும்பத்துக்கும் சங்கத்தின் நன்றி. பற்றுச்சீட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் முடியும்வரை வாசலடியில் இருப்பேன்.

செயலாளர்