வலப்பக்கம் மாறிய நாட்டிலிருந்து அப்பாவுக்கு

கோதன்பர்க், ஸ்வீடன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை தேய்த்ததாக அம்மாவை ஏமாற்றுகிறீர்களா?

ரைட் சைடில் ஓட்டுவது பழகிவிட்டதா என்று போனில் கேட்டீர்களே. ஓட்டுவது பழகிவிட்டது, ரோட்டைக் கடப்பதுதான் இன்னும் பழகவில்லை. தலை தானாக முதலில் வலப்பக்கம் திரும்புகிறது, வண்டியோ இடப்பக்கமிருந்து வருகிறது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய உங்களுக்கு இது பிடிக்கும். இந்த நாட்டிலும் 1967 வரை நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். அதிலும் கூத்து, பெரும்பாலான கார்களுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. முன்னால் போகிற லாரியை ஓவர்டேக் பண்ண எவ்வளவு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து நாடான நார்வேயில் வேறு வலப்பக்க ஓட்டம். அப்படியும் 1955-ல் ஓட்டெடுப்பு வைத்து மாற்றலாமா என்று கேட்டதற்கு நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அரசாங்கமே முடிவெடுத்து, 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ரோட்டிலிருந்த வண்டிகளை 4.50-க்கு நிறுத்தி, மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தி, சரியாக 5 மணிக்குக் கிளப்பச் சொன்னது. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதில் கொஞ்ச காலம் விபத்துகூடக் குறைந்ததாம், பயம் தெளிந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அதுவரை இங்கே மேலே இருப்பவரை நேராக ஒரு சொல்லால் கூப்பிடவே முடியாது. 'நீங்கள்' மாதிரி ஒரு சொல் இருந்தும் அதைப் பெரியவர்களிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே "டைரக்டருக்குக் காபி வேண்டுமா?" என்று பட்டத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பட்டம் தெரியாவிட்டால் திண்டாட்டம். புரோர் ரெக்செத் என்பவர் மருத்துவத் துறையின் தலைவராக வந்ததும், இனி எல்லோரையும் பேர் சொல்லி 'நீ' என்றே கூப்பிடப்போகிறேன் என்று ஊழியர்களிடம் அறிவித்தார். வழக்கம் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது, ஆனால் பேர் அவருக்குத்தான். இன்று ராஜ குடும்பத்தைத் தவிர எல்லோருமே 'நீ'தான். மொழி வகுப்பில் என் பாட்டி வயசு டீச்சரைப் பேர் சொல்லி 'நீ' என்க வேண்டும். மூன்று வாரம் தொண்டையைக் கனைத்தே சமாளித்தேன்.

இவர்களை ரொம்ப உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். துணி துவைக்கும் பொது அறையில் என் நேரத்தைத் தாண்டிப் பத்து நிமிஷம் இருந்ததற்குக் கதவில் சீட்டு ஒட்டினார்கள். விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் சாப்பிடுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அம்மாவிடம் சொல்லாதீர்கள், சோற்றுப் பானையோடு பிளேன் ஏறிவிடுவாள்.

ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, தாத்தா தோப்பில் தேங்காய் பறிக்க வருவாரே, அவர் ஞாபகம் வந்தது. எட்டு வயதில் நான் அவரைப் பேர் சொல்லி, "எனக்கு ஒரு இளநி போடு" என்பேன். அறுபது வயது மனிதர் மரத்து மேலிருந்து, "தம்பி, தள்ளி நில்லுங்க" என்பார். வீட்டில் ஒருத்தர்கூட என்னைத் திருத்தவில்லை. அதே வயதில் உங்களை ஒரு தடவை 'நீ' என்றதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன். மரியாதை என்று நாம் சொல்லிக்கொண்டது பாதி, யாருக்கு அது கிடையாது என்பதற்கான கணக்குதானே? நீங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதை மாற்றிப் பார்ப்போம் என்று போன வாரம் அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஏன்டா, என் மேல என்ன கோபம்?" என்றாள்.

டிசம்பரில் வருகிறேன். தேங்காய் பறிப்பாரே, அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறாரா, மகனோடு போய்விட்டாரா? விசாரித்து, அவர் வீட்டு போன் நம்பர் கிடைத்தால் அனுப்புங்கள். திடீரென்று 'நீங்க' என்றால் மிரண்டுபோவார், முதலில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அன்பு மகன்