சென்சாரை மாற்றும் முன் வயரைப் பார்

சார்ஜா

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. பிக்கப்பில் ஆயில் பிரஷர் விளக்கு ஒரு நாள் விடாமல் எரிகிறது, இன்னொரு நாள் சாவி போட்டால்கூட எரிவதில்லை, கோத்தகிரியில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாற்ற அவசரப்படாதே.

இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் இந்தப் புகார் அடிக்கடி வரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் ஆளை வைத்து வேலை வாங்கக்கூடாது என்று இந்த நாட்டில் விதியே உண்டு. அந்த மாதங்களில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். அந்தச் சூட்டில், சென்சாரில் வயரைச் செருகும் கப்ளரின் பிளாஸ்டிக் நொறுங்கும். வயரின் மேலுறை வெடித்து உள்கம்பி பாடியில் படும். பட்டதும் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அணையாது. டிரைவர் பயந்துபோய் வண்டியைக் கொண்டுவந்துவிடுவார்.

நம் மலையில் வேறு மாதிரி. மூடுபனியும் மழையும் கப்ளருக்குள் இறங்கி அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ராத்திரி குளிருக்கு எஞ்சின் சூட்டைத் தேடி வரும் எலி வயரைக் கடித்துவிடும். இணைப்பு அறுந்தால் விளக்கு எரியவே எரியாது.

காரணம் இதுதான். சென்சார் என்று சொன்னாலும் உன் வண்டியில் இருப்பது ஒற்றை வயர் சுவிட்ச்தான். பிரஷர் இல்லாதபோது அது வயருக்கு எர்த் கொடுக்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) தாண்டியதும் உள்ளே பாயின்ட் திறக்கும், விளக்கு அணையும். அதனால் வயர் பாடியில் பட்டால் விளக்கு பொய்யாக எரியும். வயர் அறுந்துவிட்டால், எஞ்சினில் சொட்டு ஆயில் இல்லாவிட்டாலும்கூட விளக்கு எரியாது. எனக்கு இந்த இரண்டாவதில்தான் பயம். காய்கறி லோடோடு குஞ்சப்பனை வழியாக இறங்கும்போது பேரிங் போனால்தான் உனக்கே தெரியவரும். தினமும் காலையில் சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். எரியவில்லை என்றால் வண்டியை எடுக்காதே.

முதலில் ஆயில் அளவு. நம் ஊரில் சமதரையில் வண்டி நிறுத்துவது கஷ்டம்தான், ஆனாலும் தேடி நிறுத்து. சரிவில் டிப் ஸ்டிக் சரியான அளவு காட்டாது. எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார். கொண்டை ஊசி வளைவில் மட்டும் விளக்கு மினுக்கினால் சுவிட்சைக் குறை சொல்லாதே. ஆயில் குறைந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, எஞ்சின் அணைந்திருக்க, சாவி ஆனில் வைத்து சுவிட்ச் வயரைக் கழற்று. விளக்கு இன்னும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் படுகிறது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கமும் கிளாம்ப் பிடித்த இடங்களிலும் தேடு. அணைந்தாலும், முதலிலேயே எரியாமல் இருந்தாலும், அந்த வயரின் நுனியை எஞ்சின் இரும்பில் தொடு. விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் நல்லவை, கப்ளர் பின்னையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் ஃபியூஸ், பல்பு, வயர் மூன்றில் ஒன்று. மீட்டரில் 12 வோல்ட் வருகிறதே என்று ஏமாறாதே. களிம்பு பிடித்து ஒரே இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. பல்பு எரிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

சுவிட்சைச் சோதிக்க மீட்டரை ஓம்ஸில் வை. அதன் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே எஞ்சின் நின்றிருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், ஓடும்போது இணைப்பே இருக்கக்கூடாது. கப்ளருக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அப்போது தாராளமாக மாற்று. மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டாதே. ஒற்றை வயர் சுவிட்சுக்கு அந்த மரைதான் எர்த்.

ஓடும்போது சுவிட்ச் திறக்கவில்லை என்றால் அதையே குற்றவாளி ஆக்காதே, பிரஷரே இல்லாமலும் இருக்கலாம். சுவிட்சைக் கழற்றி அதே மரையில் மெக்கானிக்கல் கேஜ் போடச் சொல். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல்) 1 பார் அளவிலும், 2000 ஆர்பிஎம்மில் 2 முதல் 4 பாருக்குள்ளும் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. உன் எஞ்சினுக்கு மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. அதற்குக் கீழே என்றால் வண்டியை ஓட்டாதே, கட்டி இழுத்துப் போ.

மாமா புது வண்டி எடுத்தால் அதில் மூன்று வயர் சென்சார் இருக்கலாம். அங்கே வயரை எர்த்தில் தொட்டுப் பார்க்கும் வேலையே கூடாது. ஒரு வயர் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். பெரும்பாலும் சிக்னல் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் நகரும். அந்த 5 வோல்ட்டை மற்ற சென்சார்களும் பகிர்ந்துகொள்வது உண்டு, அதை எர்த் செய்தால் எஞ்சினே நின்றுபோகலாம். ஸ்கேனரில் பி0522 என்ற பிழை எண் வந்தால் சிக்னல் வோல்ட் குறைவு, பி0523 வந்தால் அதிகம். அந்தப் பிழை எண் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது, சென்சார் கெட்டதென்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் குன்னூர்க்காரர் ஒருவர் லீவில் வருகிறார். அவரிடம் பிரஷர் கேஜும் ஈரத்தைத் தடுக்கும் டை-எலக்ட்ரிக் கிரீஸ் ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன். களிம்பைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் கப்ளர் ரப்பரில் அந்தக் கிரீஸைத் தடவு. வயரைக் கழற்றியபோது விளக்கு அணைந்ததா இல்லையா என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அண்ணன்