நமது ஞாயிறு கால்பந்து லீக்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அணி மேலாளர்களே, நடுவர்களே, வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பருவம் முழுமையாக நடந்து முடிந்தது. மழையால் தள்ளிப்போன ஆட்டங்களையும் குளிர்காலத்துக்குள் ஆடி முடித்துவிட்டோம். பெரிய வெள்ளியன்று நம்மவர் பலர் டர்பன் அருகே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போவதால் அந்த வார இறுதியில் ஆட்டம் வைக்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே. லீக் பட்டியலும் கோப்பை முடிவுகளும் தனித்தாளில் உள்ளன. வென்றவர்களுக்கு வாழ்த்துகள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் பேச வேண்டியது ஆளில்லாமல் கைவிட்ட ஆட்டங்களைப் பற்றி. ஓர் அணியில் ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, விடியும் முன்பே நம் ஆட்கள் வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருந்தார்கள். ஓர் அணி ஆறு பேரோடு வந்தது. எதிரணி காலுறை மாட்டித் தயாராக நின்றது. நடுவர் காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை ரத்து செய்தார். கோடு ஈரம்கூடக் காயவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

ஏன் வலித்தது என்பதை இளைய மேலாளர்களுக்குச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்துச் சங்கம் 1903இலேயே உருவாகிவிட்டது. கிம்பர்லி வணிகர் சாம் சைனா பெயரிலான கோப்பைக்கு மாகாண அணிகள் மோதின. 1951இல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் சங்கங்கள் இணைந்து கால்பந்துக் கூட்டமைப்பை அமைத்தன. நம் டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அதில் முன்னின்றார். ஆட ஆள் இருந்தது, பார்க்கக் கூட்டம் இருந்தது. இடம்தான் இல்லை. 1961இல் தொடங்கிய நிறபேதமற்ற தொழில்முறை லீக் சில ஆண்டுகளிலேயே சாய்ந்ததற்கு முக்கியக் காரணம், நகராட்சிகள் மைதானம் தர மறுத்ததுதான். டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் நம்மைத் தாங்கியது. அதே பத்தாண்டில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்து, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது.

ஃபிஃபா 1964இல் நிறவெறியைப் பின்பற்றிய வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது, 1976இல் வெளியேற்றியது. 1992 ஜூலையில் நம் நாடு பன்னாட்டுக் கால்பந்துக்குத் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் நம் ஊரில்தான்: கேமரூனுக்கு எதிராக, கிங்ஸ் பார்க் மைதானத்தில், நம் வீரர் டாக்டர் குமாலோவின் பெனால்டியால் 1-0. அதன் பிறகு 1996-97இல் நாட்டின் முதல்நிலைத் தொழில்முறை லீக்கான பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தை வென்றது மேனிங் ரேஞ்சர்ஸ்! 1928இல் டர்பனில் பிறந்து, சாட்ஸ்வொர்த் மைதானத்தில் ஆடிய அணி. அந்த அணி இன்று இல்லை. ஆனால் அவர்கள் ஆடிய ஊரில் ஞாயிறு தவறாமல் பந்து உருள வைக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். முதலாவது, 35 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வெளியேறிய ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வர அனுமதிப்போம். மூத்தோர் ஆட்டங்களுக்குப் பன்னாட்டு விதிகளே இதை அனுமதிக்கின்றன. முட்டி வலிக்காரர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றால் அணிக்கு ஆள் குறையாது. புரட்டாசி விரதத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவும்.

இரண்டாவது, நடுவர் பஞ்சம். இந்த ஆண்டு ஒரே நடுவர் ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் நடத்தியதும் உண்டு. அவரைத் திட்டியவர்களும் நம் அணிகளில் உண்டு. அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஒவ்வோர் அணியும் நடுவர் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்ப வேண்டும். கட்டணத்தை லீக் ஏற்கும். பெயர் தராத அணியை அடுத்த பருவ அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. தாள் மேசையில் இருக்கிறது. கூட்டம் கலையும் முன் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்