40 வருஷத்து டிக்கெட்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் உன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், "நான் அவ்வளவு முசுடாகிவிட்டேனா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பத்து வயது முடிந்தது.

பிறந்த நாளன்று அவளோடு உட்கார்ந்து 'ஸ்பிரிட்டட் அவே' பார்த்தேன். ஹயாவோ மியாசாக்கி எடுத்து 2001-இல் வெளிவந்த ஜப்பானிய அனிமேஷன் படம். தனக்குத் தெரிந்த பத்து வயதுச் சிறுமிகளை மனதில் வைத்துத்தான் அவர் அதை எடுத்தார். நாயகி சிஹிரோவுக்கும் அதே வயது. அதனால்தான் மகளுக்கு இந்த வயது வரட்டும் என்று காத்திருந்தேன். நான் முன்பே இரண்டு தடவை பார்த்த படம்தான். ஆனால் இந்தத் தடவை படம் முடிந்த பிறகும் என் மனதைவிட்டுப் போகாதவர் கமாஜி என்கிற கிழவர். உன் கேள்விக்குப் பதில் அவரிடம் இருப்பதாகத் தோன்றியது.

நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் கொஞ்சம் கதை சொல்கிறேன். சிஹிரோவின் அப்பாவும் அம்மாவும் மாயத்தால் பன்றிகளாகிவிடுகிறார்கள். அவள் தேவர்களும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு பெரிய குளியல் மாளிகையில் மாட்டிக்கொள்கிறாள். அங்கே வேலை இல்லாமல் திரிகிறவர்களை முதலாளியான சூனியக்காரி யூபாபா மிருகமாக மாற்றிவிடுவாள். "பாய்லர் அறைக்குப் போ, வேலை கேள், விடாதே" என்று ஹாக்கு என்ற பையன் அவளை அனுப்புகிறான்.

அந்தப் பாய்லர் அறையில்தான் கமாஜி இருக்கிறார். ஆறு கைகள், கறுப்புக் கண்ணாடி, புதர் மாதிரி மீசை. ஒரு கை மூலிகை அரைக்கிறது, ஒரு கை சக்கரத்தைச் சுற்றுகிறது, இன்னொன்று நீண்டு போய் உயரத்தில் இருக்கிற இழுப்பறையைத் திறக்கிறது. தாகமெடுத்தால் கெட்டிலைத் தூக்கி அதன் மூக்கிலிருந்தே குடிக்கிறார். பாய்லருக்கு உழைத்துத் தேய்கிற கிழவன் என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பெயரும் அதுதான்: 'கமா' என்றால் கொதிகலன், 'ஜி' என்றால் கிழவர். (அந்த இழுப்பறைச் சுவருக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் பழைய எழுதுபொருள் கடையை டோக்கியோவின் கோகனேய் பகுதியில் உள்ள திறந்தவெளிக் கட்டடக் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சுவரில் 350 இழுப்பறைகள். உன்னைப் போல மரவேலை தெரிந்தவன் பார்த்தால் அங்கிருந்து நகரமாட்டாய்.)

சிஹிரோ வேலை கேட்டதும், ஆள் தேவையில்லை என்று சிடுசிடுக்கிறார். கரித்தூசியே உயிர் பெற்றாற்போல அங்கே குட்டிக் குட்டி உருண்டைகள் நிலக்கரி சுமக்கின்றன. ஒன்று சுமையின் அடியில் நசுங்கிப்போகிறது. சிஹிரோ பரிதாபப்பட்டு அந்தக் கரியைத் தூக்கிவிடுகிறாள். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். உடனே மேலிருந்து ஒரு அதட்டல்: கை வைத்தால் முடித்துவிட்டுப் போ!

இந்த இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம். எனக்கோ கண் கலங்கியது. அழுதுகொண்டே வந்த குழந்தையைப் பார்த்து, "உன்னால் முடியும்" என்று யாரும் அதுவரை சொல்லவில்லை. அந்த அதட்டலில்தான் அது இருந்தது. அவள் தள்ளாடித் தள்ளாடிக் கரியை உலைவாய் வரை தூக்கிப்போய் உள்ளே போட்டுவிடுகிறாள். அதன் பிறகும் கிழவர் பாராட்டவில்லை. அடுத்தவர் வேலையைப் பிடுங்காதே, வேலை செய்யாவிட்டால் இந்தக் குட்டிகளின் மந்திரம் போய்விடும் என்று மறுபடியும் திட்டுகிறார்.

அப்போது லின் என்ற வேலைக்காரப் பெண் சாப்பாடு கொண்டுவருகிறாள். மனிதக் குழந்தையைப் பார்த்துப் பதறுகிறாள். கமாஜி கூசாமல் சொல்கிறார்: "இவள் என் பேத்தி." ஒரு கருகச் சுட்ட நீர்ப்பல்லியை லஞ்சமாக நீட்டி, இவளை யூபாபாவிடம் கூட்டிப் போ என்கிறார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் விரட்டியவர்! சிஹிரோவுக்கு நடந்தது புரியவே இல்லை. நன்றி சொன்னாயா என்று லின்தான் அவளை அதட்டுகிறாள்.

பிற்பாடு, அடிபட்டுக் கிடக்கிற ஹாக்குவுக்காக சிஹிரோ தொலைதூரம் போக வேண்டிவருகிறது. கமாஜி ஒரு இழுப்பறையைக் குடைந்து ரயில் டிக்கெட்டுகளை எடுத்துக் கொடுக்கிறார். 40 வருஷத்துக்கு முன்னால் வாங்கியதில் மிச்சமிருந்தவை. ஆறாவது நிறுத்தத்தில் இறங்கவேண்டும், முன்பெல்லாம் திரும்பி வர ரயில் இருந்தது, இப்போது போகிற ரயில் மட்டும்தான் என்று எச்சரிக்கிறார். அந்த டிக்கெட் எதற்காக அவரிடம் இருந்தது என்று படம் சொல்வதில்லை. எங்கேயோ போக நினைத்து, பாய்லரை விட்டு நகர முடியாமலே காலம் போய்விட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தான் போகாத பயணத்தை அந்தக் குழந்தை கையில் கொடுக்கிறார். என்ன நடக்கிறது என்று லின் விழிக்கும்போது, இது அன்பு என்று தெரியவில்லையா என்று கேட்பதும் இதே முசுடுக் கிழவர்தான்.

ஜப்பானிய மொழியில் அவருக்குக் குரல் கொடுத்தவர் புன்டா சுகவாரா, ரவுடிக் கும்பல் படங்களில் பேர் வாங்கிய நடிகர். 2014-இல் காலமானார். அந்தக் கரகரப்புக்காகவே நீ ஜப்பானிய ஒலியோடு பார்க்கவேண்டும். வசனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு நீ பாட்டுக்குக் கடந்துபோயிருக்கிறாய். புதுப் பையன் ஒருவன் பலகையைத் தப்பாக அறுத்துவிட்டான், முதலாளி கேட்டபோது அளவைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று நீ சொல்லிவிட்டாய். அதை நான் மூன்று தடவை படித்தேன். அவனை அன்றைக்கு நீ திட்டியும் இருப்பாய், எனக்குத் தெரியும்.

நீ அப்படிச் சொன்னது அந்தப் பையனுக்குத் தெரியுமா? லின் மாதிரி யாராவது உன் பட்டறையில் இருக்கிறார்களா? இல்லையென்றால், அடுத்த மாதம் நான் வரும்போது அவனிடம் சொல்லிவிடுகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
பழைய நண்பன்