அடங்கலில் எங்கள் பேரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கருகிய நெற்பயிரைக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் படித்தேன். நல்லது. ஆனால் அந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்படும்? அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிக் கணக்கில், எங்களைப் போன்ற குத்தகைக்காரர்கள் பேர் இல்லையே.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, நானும் என் வீட்டுக்காரரும் 18 வருஷமாக நெல் போடுகிறோம். இந்த முறையும் ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைத்தோம். புரட்டாசியில் பெய்த ஒரு மழைக்குப் பயிர் முளைத்து வந்தது, பார்க்கவே ஆசையாக இருந்தது. களை எடுத்து, கடன் வாங்கி உரமும் போட்டோம். அப்புறம் மழையே இல்லை. கண்மாயில் மடைக்கு எட்டுகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. கடலோரம் என்பதால் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். அதைப் பாய்ச்சினால் பயிரோடு நிலமும் கெட்டுவிடும். மார்கழியில் தொண்டைக்கதிராக, அதாவது கதிர் இன்னும் தோகைக்குள்ளேயே, இருந்த பயிர் அதோடு நின்றுவிட்டது. ஒன்றைப் பிடுங்கித் தோகையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கதிர் இருந்தது. வெளுத்துப்போய், விரலில் தேய்த்ததும் உமியாக உதிர்ந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வைக்கோலுக்கு வழியில்லாமல் இரண்டு பசுவில் ஒன்றை விற்றுவிட்டோம். வீட்டுக்காரர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறார்.

2017 ஜனவரியில் வறட்சி அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். எங்கள் மூன்று ஏக்கருக்கான 16,395 ரூபாய் நிலத்துக்காரர் கணக்கில் ஏறியது. அவர் மதுரையில் இருக்கிறார், நல்ல மனிதர். அவராகவே பாதியைக் கொடுத்தார். கொடுக்காமல் விட்டிருந்தாலும், கேட்பதற்கு எங்கள் கையில் ஒரு காகிதம் கிடையாது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். குத்தகைக்காரர்களும் சேரலாம் என்கிறார்கள். அதற்குச் சாகுபடிச் சான்று வேண்டும். சான்று கேட்டால் பட்டாதாரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம். கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று எங்களுக்குப் பயம்.

நாங்கள் நிலத்தில் உரிமை கேட்கவில்லை. விதைத்த ஒரு மாதத்துக்குள் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து, இந்தப் பருவத்தில் உழுது விதைத்தது இன்னார் என்று அடங்கலில் எழுதட்டும். அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் அது செல்லட்டும். பக்கத்து வயல்காரரைக் கேட்டாலே யார் விதைத்தது என்று சொல்லிவிடுவார்.

கருகிய பயிரில் ஆடு மேய்க்கலாமா என்று கீதாரி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். கணக்கெடுப்பு முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அதிகாரிகள் வருகிற அன்றைக்கு நான் வரப்பில்தான் நிற்பேன். என் பேரையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி ஒருத்தி,
திருப்பாலைக்குடி அருகில், ராமநாதபுரம் மாவட்டம்.