கணினி ஆய்வகம் லினக்ஸுக்கு மாறுகிறது: பெற்றோர் கவனத்திற்கு

தலைமையாசிரியர் அலுவலகம்,
கடலூர்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது நம் கணினி ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் தவிர மற்றவற்றில் விண்டோஸ் 10 இருக்காது. அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் (ஓ.எஸ்.) இருக்கும். "ஸ்கூல்ல எல்லாத்தையும் மாத்திட்டாங்க, நம்ம லேப்டாப்பையும் மாத்தணும்" என்று பிள்ளைகள் வந்து நின்றால், அன்றைக்கே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வீட்டுக் கணினியை மாற்றச் சொல்லிப் பள்ளி கேட்கவில்லை. மாற்றித்தான் தீருவேன் என்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே கோப்புகள் பறிபோகும் என்பதைச் சொல்லவே கடிதம் இவ்வளவு நீளமாகிறது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும். நம் ஆய்வகத்துக் கணினிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. அந்த நிபந்தனையைத் தாண்டிக் குதிக்கக் குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைக் காயலான் கடைக்குப் போட எங்களுக்கு மனமில்லை.

லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு அந்நியமும் இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. அண்ணன், அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்திருக்கும். பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டு மின்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை என்று அதன் திரை விண்டோஸ் பழகிய கைக்கு அப்படியே ஒத்துவருவதுதான். மின்ட்டின் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு 4 ஜிபி ராமில் முனகாமல் ஓடும்.

பாடத்திட்டத்தில் என்ன ஆகும் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கேட்பீர்கள். பைத்தான், எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், சி++ எல்லாமே லினக்ஸில் ஓடும். ஓப்பன் ஆபீஸ் பாடங்களை லிப்ரே ஆபீஸில் செய்யலாம், மெனுக்கள் ஏறக்குறைய அதேதான். பிள்ளைகள் தடுமாறப் போகும் இடங்கள் சில உண்டு. பாடநூலில் சிஎஸ்வி கோப்பு பற்றிய நிரல்களில் கோப்பின் பாதை சி டிரைவில் தொடங்கும். லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது. நிரல் இருக்கும் கோப்புறையிலேயே சிஎஸ்வியையும் வைத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் எழுதினால் போதும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, நிரலில் சிறிய எழுத்தாக இருந்தால் "கோப்பு இல்லை" என்றுதான் பதில் வரும். பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடத்திலும் ஒரு சிக்கல்: தொகுத்த நிரலின் பெயரை மட்டும் கொடுத்தால் லினக்ஸ் அதைத் தேடாது, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட வேண்டும். இந்த மூன்றையும் செய்முறை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

கணக்குப்பதிவியலில் வரும் டேலியும், கணினிப் பயன்பாடுகளில் வரும் பேஜ்மேக்கரும் லினக்ஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் இடைமென்பொருள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் செய்முறைத் தேர்வு நாளில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அதற்காகவே ஆய்வகத்தில் இரண்டு கணினிகளில் மட்டும் விண்டோஸ் 10 அப்படியே இருக்கும், இணைய இணைப்பு இல்லாமல்.

இனி வீட்டுக் கணினி.

முதலில் உங்கள் பிராசசரைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 7 அதன் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டு. எட்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கே இலவசமாகப் போய்விடலாம், லினக்ஸ் கட்டாயமில்லை. ஏழும் அதற்குக் கீழும் இருந்து, நீட்டிப்பும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் இந்த மாற்றம் உண்மையில் பயன்படும். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் கணினி என்றால் இந்த விடுமுறையில் மாற்றுங்கள், இல்லையேல் தேர்வு முடியும்வரை கை வைக்காதீர்கள். டிசம்பரில் மாற்றுவது எல்லாவற்றையும்விட மோசம்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்பது நாம் எல்லோரும் கேட்கும் வசனம். பழைய மடிக்கணினி ஊர்ந்து போவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். எந்த ஓ.எஸ். போட்டாலும் அது அப்படித்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 240 அல்லது 256 ஜிபி கொண்ட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று போடுங்கள். 2 ஜிபி ராம் மட்டும் இருந்தால் அதையும் கூட்டுங்கள். டிடிஆர்3எல் கேட்கும் இயந்திரத்துக்கு எல் என்ற எழுத்துள்ள, 1.35 வோல்ட் ராமையே கேட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்றுவதில் இன்னொரு பெரிய லாபம், அதற்காகவே இந்த வழியைப் பரிந்துரைக்கிறேன். பழைய டிஸ்கில் விண்டோஸும் கோப்புகளும் இருந்தபடியே இருக்கும். அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டால், என்ன தவறு நடந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. பிடிக்கவில்லையா, பழையதை மாட்டினால் பழைய கணினி.

ஒரே டிஸ்கில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் மிகுந்த கவனம் வேண்டும். விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வார்கள், டி டிரைவ் தப்பிக்கும். அந்தப் பழக்கத்தில் கல்யாணப் புகைப்படம், சான்றிதழ் ஸ்கேன், பத்திரம் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். லினக்ஸ் நிறுவும்போது "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு" என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் சி, டி, இ என்ற பாகுபாடு கிடையாது. முழு டிஸ்கும் போய்விடும். கோப்புகள் பறிபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். அதற்கு மேலே "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். அந்த வரி திரையில் வரவே இல்லை என்றால், அங்கேயே நிறுத்திக் கணினியை அணைத்துவிடுங்கள். டிஸ்கே பட்டியலில் தெரியாவிட்டாலும் அப்படியே. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) டிஸ்க் முறையைத் தோன்றியபடி மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

அதற்கு முன்னால் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்கில் டி டிரைவை மட்டும் நகலெடுத்தால் போதாது; டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஒன்டிரைவ் கோப்புறையில் மேக அடையாளத்தோடு தெரியும் கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை, அவற்றை இறக்கிய பிறகே நகலெடுக்க வேண்டும். எடுத்த நகலை வேறொரு கணினியில் மாட்டி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு. புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி வாங்கியபோது கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும், உங்களிடம் இருக்காது. முதலில் அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்; பிறகு லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான முழு நகலை) ரூஃபஸ் மென்பொருள் கொண்டு ஏற்றுங்கள்; வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பென்டிரைவிலிருந்து தொடங்க, கணினியை இயக்கியதும் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையை அழுத்துங்கள். ஏசரில் எஃப்12 வேலை செய்ய அதை முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும். பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் திறக்கும், டிஸ்கில் எதுவும் மாறாது. உடனே நிறுவிவிடாமல் வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் பாருங்கள். மெதுவாகத்தான் இருக்கும், அது பென்டிரைவின் வேகம், லினக்ஸின் வேகம் அல்ல. நிறுவும்போது மின்சாரம் போகக் கூடாது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். புயல் மாதங்களில் நம் ஊர் மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு ஓ.எஸ். உள்ள கணினியில் ஒரு விசித்திரம் நடக்கும். காலை 9 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் அதிகாலை 3.30 காட்டும். பேட்டரி போகவில்லை, மதர்போர்டும் போகவில்லை. லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிதான் ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். அச்சிட்ட தாள் ஆய்வகத்தில் கிடைக்கும்.

தமிழ்த் தட்டச்சில்தான் எங்களுக்கே கவலை இருந்தது. தமிழ்99 பழகியவர்கள் விசைப்பலகைப் பட்டியலிலிருந்து நேரடியாகத் தமிழைச் சேர்த்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று திகைப்பார்கள். 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்புகளை நிறுவி, அதில் உள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் 'அம்மா' என்பது வழக்கம்போல நான்கு தட்டில் வரும். லதா எழுத்துருவில் செய்த கோப்புகள் திறக்கும், ஆனால் வேறு எழுத்துரு ஏறுவதால் பக்கங்கள் நகரும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை நகலெடுத்து வைத்தால் படிக்கலாம். தொடர்ந்து திருத்த வேண்டியவற்றை, விண்டோஸ் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் டிடிபி வேலை செய்பவர்கள் விண்டோஸை விடவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிரிண்டர் வைத்திருப்போர் மாடலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஹெச்பியின் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப் மூலம் ஒரு கூடுதல் இணைப்பை இறக்கினால் அச்சாகும். பல வீடுகளில் இருக்கும் கேனான் எல்பிபி 2900-இன் டிரைவர் புதிய லினக்ஸில் எளிதில் உட்காராது. அது மட்டும்தான் உங்கள் பிரிண்டர் என்றால் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்ட் இலவசம். இந்த மாற்றத்துக்காகப் பள்ளி யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை, எந்தக் கடையையும் பரிந்துரைக்கவும் இல்லை. பள்ளியின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அலுவலகத்தில் தெரிவியுங்கள். மடிக்கணினியோடு வந்த விண்டோஸின் உரிமச் சாவி, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே பயாஸில் பதிந்து வருகிறது. பின்னாளில் மறுபடி விண்டோஸ் போட்டால் தானாகவே ஏற்றுக்கொள்ளும். ஆக்டிவேட்டர் என்று பென்டிரைவில் தரும் எதையும் ஓட்டாதீர்கள். வைரஸ் நுழைவதற்கு அதைவிட அகலமான கதவு கிடையாது.

ஜூன் மாதம் முழுவதும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை கணினி ஆசிரியர்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள். மடிக்கணினி, சார்ஜர், 8 ஜிபி பென்டிரைவ், எடுத்து முடித்த பேக்கப் ஆகியவற்றோடு பெற்றோர் ஒருவர் உடன் வர வேண்டும். பேக்கப் இல்லாமல் வருபவர்களின் கணினியில் பென்டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டுவோமே தவிர நிறுவ மாட்டோம். கீழே உள்ள ஒப்புதல் சீட்டை நிரப்பி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

- - - - - - - - - - - - - - - - - - - -

ஒப்புதல் சீட்டு

மாணவர் பெயர், வகுப்பு, பிரிவு: ....................
கணினியின் மாடல், பிராசசர், ராம்: ....................
பேக்கப் எடுத்து, வேறு கணினியில் திறந்து பார்த்தேன்: ஆம் / இல்லை
பிட்லாக்கர் மீட்புச் சாவி என்னிடம் உள்ளது: ஆம் / இல்லை / பூட்டு இல்லை
விண்டோஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்: ஆம் / இல்லை
பெற்றோர் கையொப்பம்: ....................